பெட்டியோடு போன அளவு நோட்டு

ஷட்டரின் மூன்று பூட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மூச்சு வாங்க அதை மேலே தூக்கிவிட்டுத் தையலக்கா உள்ளே பார்த்தபோது பின்கதவு ஹோவென்று திறந்து கிடந்தது. ராத்திரி மழையின் சாரல் வெட்டு மேஜைவரை வந்திருந்தது. திருடர்கள் முன்பக்கத்துப் பூட்டுகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கழிவறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்து, உடையாமல் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அந்த வழியாக நுழைந்து பின்கதவு வழியாகப் போயிருந்தார்கள். அவ்வளவு பதவிசான ஆட்கள்.

தையல் மெஷின்களில் இரண்டுக்கு மோட்டார் இல்லை. நீராவி இஸ்திரிப் பெட்டி இல்லை. துணி வெட்டும் பெரிய கத்திரிக்கோல் இல்லை. மூலையில் சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்த கேமராவும் இல்லை.

"கேமராவையுமா கழட்டிட்டுப் போயிட்டான்?" என்றாள் பின்னாலேயே வந்த நாத்தனார். இவள் தையலக்காவுடைய வீட்டுக்காரரின் அக்கா. கடையில் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஊர் நியாயம் பேசுவது மூன்றும் அவள் பொறுப்பு. "அதுக்குள்ள பேட்டரியைத் தவிர ஒண்ணுமே கிடையாதே. வீட்டுல போய்ப் பிரிச்சுப் பார்த்துட்டு என் தம்பியை என்ன திட்டுத் திட்டினானோ!"

தம்பி அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அவர் நேராக வெட்டு மேஜையின் அடியில் குனிந்து பார்த்தார். அங்கே சதுரமாக ஓர் இடம் மட்டும் தூசியில்லாமல் இருந்தது. இரும்புப் பெட்டி இருந்த இடம்.

"போச்சு," என்றார்.

தையலக்காவும் குனிந்து அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். மோட்டார் போனால் காலால் மிதித்துக்கொள்ளலாம். கத்திரிக்கோல் போனால் வேறு வாங்கலாம். பெட்டிக்குள் அளவு நோட்டு இருந்தது.

அந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்லாமல் முடியாது. வீட்டுக்காரர் இருபது வருஷம் ஒரு கிடங்கில் காவல் பார்த்தவர். ஓய்வு பெற்று மனைவியின் கடையில் இஸ்திரி போட உட்கார்ந்த பிறகும் காவல் புத்தி அவரை விடவில்லை. போன மாதம் அடுத்த தெருவில் மருந்துக் கடை உடைபட்டதும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஷட்டருக்கு ஒரு பூட்டு இருந்தது, மூன்றாக்கினார். பொம்மைக் கேமரா வாங்கி மாட்டினார். அதோடு நின்றாரா? மூடிப்போன ஒரு நகைக்கடையின் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஓர் இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டப்பகலில், தள்ளுவண்டியில் வைத்து, இரண்டு ஆள் தள்ள, இவர் முன்னால் நடந்து வந்தார். தெருவே எட்டிப் பார்த்தது. பெட்டியின் நெற்றியில் நகைக்கடையின் பெயர் தங்க நிறத்தில் பளபளத்தது. சுரண்டிவிடுங்கள் என்று தையலக்கா சொன்னாள். "இருக்கட்டும், பார்க்க லட்சணமா இருக்கு," என்றார்.

கடையில் அந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற மாதிரி எதுவும் இல்லை. அன்றன்றைய வசூல் அவள் கைப்பையிலேயே வீட்டுக்குப் போய்விடும். பெட்டி சும்மா இருக்கக் கூடாதே என்று, பத்தொன்பது வருஷமாக வெட்டு மேஜையின் மேல் திறந்தபடி கிடந்த அளவு நோட்டை எடுத்து அவர் உள்ளே வைத்துப் பூட்டினார். "இதுல எத்தனை பொம்பளைங்க போன் நம்பர் இருக்கு. யார் கண்ணுலயாவது பட்டா என்ன ஆகும்?" என்றார். சொன்னதில் தப்பில்லை. மேஜை மேலேயே கிடந்திருந்தால் திருடன் அதன் மேல் டீ கிளாஸ்தான் வைத்திருப்பான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

போலீஸ்காரர் வந்தார். ஜன்னலைப் பார்த்தார், மோட்டாரை எழுதிக்கொண்டார், இஸ்திரிப் பெட்டியை எழுதிக்கொண்டார்.

"பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?"

"ஒரு நோட்டு."

"நோட்டுன்னா? பணமா?"

"இல்லைங்க, எழுதுற நோட்டு. அளவு எழுதுறது."

போலீஸ்காரர் பேனாவை மூடினார். "நகைக்கடைப் பெட்டியில நோட்டை வெச்சுப் பூட்டுனீங்களா?" என்று வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்காரர் ஜன்னல் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நோட்டு புகாரில் ஏறவில்லை.

அந்த நோட்டில் என்ன இருந்தது என்பது தையலக்காவுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பட்டப்பெயர், பக்கத்தில் போன் நம்பர், கீழே தோள், கை, மார்பு, இடுப்பு, நீளம். எல்லாத் தையற்கடையிலும் இருப்பதுதான். இவள் நோட்டில் ஓரமாக ஒரு கோடு கிழித்து, அதற்கு அந்தப் பக்கம் பென்சிலால் சின்ன எழுத்தில் குறிப்பு எழுதுவாள். "வலது தோள் ஒரு விரல் இறக்கம். உள்ளே மெத்தை வைத்துச் சரிக்கட்டு." "வயிற்றைப் பற்றிப் பேச்செடுக்காதே. தையலில் துணி விடு." "நாலு மாசம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை." டேப்பைச் சுற்றிப் பிடிக்கிறவளிடம் உடம்பு எதையும் மறைக்க முடியாது. அவளும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. நோட்டில் எழுதியதோடு சரி.

மற்றதெல்லாம் போகட்டும். ஒரே ஒரு பக்கம்தான் அவளை உட்காரவிடாமல் செய்தது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற கவுண்டர் மேடத்தின் பக்கம். அதன் ஓரத்தில், "இடது பக்கம் இல்லை. கோட்டில் பஞ்சு வை," என்று எழுதியிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேடம் ஆபரேஷன் முடிந்து முதல் தடவை யூனிஃபார்ம் கோட்டு தைக்க வந்தபோது வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. டேப்பைப் பிடித்த கைக்குப் புரிந்தது. "என் வாயிலேர்ந்து வெளியில வராது மேடம்," என்று தையலக்கா சொன்னாள். மேடம் தலையை மட்டும் ஆட்டினார். ஒண்டியாக இருக்கிற மனுஷி. ஒரே மகள் வெளியூரில் படித்து, அங்கேயே வேலையிலும் இருக்கிறாள். அவளுக்கும் தெரியாது, ஆபீசிலும் தெரியாது.

"போய்ச் சொல்லிடணும்ங்க," என்றாள் தையலக்கா மத்தியானச் சோற்றின் முன்னால் உட்கார்ந்து.

"என்னன்னு சொல்வே? உங்க உடம்பைப் பத்தி எழுதி வெச்சிருந்தேன், அதைத் திருட்டுக் கொடுத்துட்டேன்னு வீடு வீடாப் போய்ச் சொல்வியா? அடுத்த நாள் ஒரு ஈ காக்கா உள்ளே வராது." வீட்டுக்காரர் முட்டையைப் பிட்டார். "அவன் நகை இருக்கும்னு தூக்கிட்டுப் போயிருக்கான். திறந்து பார்த்துட்டு நோட்டைச் சாக்கடையில எறிஞ்சிருப்பான். காதும் காதும் வெச்ச மாதிரி விட்டுட்டா தீர்ந்துச்சு."

"தைக்க வேண்டிய துணியெல்லாம் மலையாட்டம் கிடக்கு. அளவுக்கு எங்கே போறது?"

"உடம்பு மாறியிருக்கும், புதுசா எடுத்துக்கலாம்னு சொல்லு."

நாத்தனார் தண்ணீரைக் கீழே வைத்தாள். "பொம்பளைங்ககிட்ட உடம்பு மாறியிருக்கும்னு சொல்லச் சொல்றான் பாரு. திருடனே தேவலாம்."

ஆனாலும் இரண்டு நாள் தையலக்கா அப்படித்தான் சமாளித்தாள். மழை விட்டு விட்டுப் பெய்தது. துணியெல்லாம் நமுத்துப்போய், கரி போட்ட பழைய இஸ்திரிப் பெட்டிக்கு மடங்காமல் அடம்பிடித்தது. காலால் மிதித்து மிதித்து அவளுக்குக் கெண்டைக்கால் கட்டிக்கொண்டது. தைக்கக் கொடுத்த சட்டை ஆயிற்றா என்று கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் மென்று முழுங்கி, "புதுசா ஒரு தடவை அளவெடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவு குண்டாயிட்டேனாக்கா?" என்றாள். இல்லை இல்லை என்று தையலக்கா பதறப் பதற, அது ஆமாம் ஆமாம் என்றே ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் பாட்டு டீச்சர் வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை. கடைக்குள்ளேயே விரித்துப் பிடித்தபடி நின்றார்.

"நேத்து எனக்கு ஒருத்தன் போன் பண்ணினான். முப்பத்தெட்டு, முப்பத்தாறு, நாப்பதுன்னு ஆரம்பிச்சான். யாருடா நீன்னேன். வயித்தைப் பத்திப் பேச்செடுக்காதே, தையல்ல துணி விடுன்னு படிச்சுட்டுச் சிரிக்கிறான்க்கா. பக்கத்துல இன்னொருத்தனும் சிரிக்கிறான்." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "மேடையில நின்னு பாடுறவ நான். என் வயித்தைப் பத்தி என் வீட்டுக்காரர்கிட்டகூட நான் பேசினதில்லை. இது எங்கேர்ந்து போச்சு?"

வீட்டுக்காரர் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தார். "இந்தக் காலத்துல போன்லேர்ந்தே எல்லாத்தையும் உருவிடறாங்கம்மா. நீங்க எதையாவது தெரியாம அமுக்கியிருப்பீங்க…"

"எங்க நோட்டுதான் டீச்சர்," என்றாள் தையலக்கா.

அவள் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, ஜன்னல், மூன்று நாளாகச் சொல்லாமல் இருந்தது, எல்லாம். டீச்சர் கேட்டுக்கொண்டார். பிறகு, பாட்டுக் குழுவுக்காகத் தைக்கக் கொடுத்திருந்த பன்னிரண்டு பேர் துணியையும் மேஜையிலிருந்து ஒன்று விடாமல் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"துணி விடுன்னு எழுதினது சரிக்கா. பேச்செடுக்காதேன்னு ஏன் எழுதினீங்க?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் மழையில் இறங்கினார்.

அதற்குப் பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் நடந்ததை முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷப் பெயரை ஒரே வாயால் கெடுத்துவிட்டாய் என்றார் அவர். கெட்டது பெட்டியாலா என் வாயாலா என்றாள் இவள். அவர் சாப்பிடாமல் எழுந்துபோனார். நாத்தனார் வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் தம்பி பக்கம் பேசுவாள். அன்றைக்கு ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "அந்த கவுண்டர் மேடத்தை முதல்ல போய்ப் பாரு," என்று மட்டும் சொன்னாள். அவள் அதை எப்போதோ படித்துவிட்டு மூச்சு விடாமல் இருந்திருக்கிறாள் என்பது தையலக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டு பத்தொன்பது வருஷம் மேஜை மேல் திறந்துதானே கிடந்தது.

போன் பண்ணிச் சொல்லலாம் என்றால் நம்பர் எல்லாம் நோட்டோடு போய்விட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ரயில் நிலையத்துக்கு நடந்தே போனாள். கவுண்டர் முன்னால் நீள வரிசை. நின்று, நகர்ந்து, கண்ணாடிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் தைத்த கோட்டுதான். இரண்டு பக்கமும் சமமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது.

"எங்கே?" என்றார் மேடம், மைக்கில். அது வெளியே ஊருக்கே கேட்டது.

"எங்கேயும் இல்லை மேடம். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அவள் சொன்னதும் இந்தப் பக்கத்து மைக்கில் போய் உள்ளே முழங்கியது. பக்கத்துக் கவுண்டர்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்றவன், "பேசறதுன்னா வீட்டுல போய்ப் பேசும்மா, வண்டி வந்துடும்," என்றான். இந்தக் கண்ணாடி வழியாக எதைச் சொல்வது?

மேடம் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாங்க," என்றார். "அடுத்தது."

அன்றைக்கு மிச்சப் பொழுதும் சனிக்கிழமை முழுவதும் தையலக்கா சும்மா இருக்கவில்லை. ஞாபகத்தில் இருந்த வாடிக்கைக்காரிகளின் வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். ஒருத்தி கதவைப் பாதி திறந்து கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டாள். நாலு மாசம் என்று எழுதப்பட்டிருந்தவள், "குழந்தை பிறந்து அது நடக்கவே ஆரம்பிச்சாச்சு, அவன் யாருக்கு வேணா சொல்லிக்கட்டும்," என்று சிரித்துக் காப்பி கொடுத்தாள். ஒரு கிழவி, தன்னைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்று சொன்னால்தான் ஆயிற்று என்று மல்லுக்கு நின்றாள். ஒன்றும் எழுதவில்லை என்றதும் அதற்கும் கோபித்துக்கொண்டாள். ஏழெட்டுப் பேர் துணியைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வீட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மேடம் வீட்டு வாசல்வரை குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தவர், கேட்டருகில் நின்றுவிட்டார்.

"நீ போ. நான் இங்கேயே நிக்கிறேன். பெட்டியைத் தூக்கிட்டு வந்தவன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ளே வர்றது?" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இவளுக்கும் மனசு இளகியது. உள்ளே போனாள்.

கதவைத் திறந்தவள் மேடத்தின் மகள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மேடம் ஜன்னலோர நாற்காலியில் வீட்டில் உடுத்தும் தொளதொள அங்கியோடு உட்கார்ந்திருந்தார். பஞ்சு வைக்கவில்லை. துணி இடது பக்கம் தட்டையாக விழுந்திருந்தது. தையலக்கா சட்டென்று பார்வையைத் தரைக்குத் திருப்பினாள்.

"மேடம், அந்த நோட்டு…"

"தெரியும். வியாழக்கிழமை சாயங்காலமே கூப்பிட்டுட்டான்."

தையலக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தரையிலா உட்கார்வது என்று மகள் ஒரு நாற்காலியை நகர்த்தினாள். அவள் எழவில்லை.

"என்ன கேட்டான் மேடம்?"

"அளவெல்லாம் படிச்சான். நான் போனை வெச்சிருக்கலாம். வைக்கலை. கடைசியில, 'இடது பக்கம் இல்லை, பஞ்சு வைன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?'ன்னு கேட்டான். கிண்டலுக்கு இல்லை. நிஜமாவே புரியாமதான் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருந்ததைச் சொன்னேன். புத்துநோய் வந்துச்சு, அறுத்து எடுத்துட்டாங்க, மூணு வருஷம் ஆச்சு, ஒவ்வொரு தடவை செக்கப்புக்குப் போறப்பவும் கைகால் நடுங்குதுன்னு எல்லாத்தையும் சொன்னேன். டாக்டரைத் தவிர ஒருத்தர்கிட்டயும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்ககிட்டகூடச் சொல்லலை. ஒரு திருட்டுப் பயகிட்டச் சொல்லியிருக்கேன் பாருங்க." மேடம் லேசாகச் சிரித்தார். "அவன் பேச்சே இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டுச்சு, அப்புறம் வெச்சுட்டான். திரும்பிப் பார்த்தா இவ நிக்கிறா. லீவுக்கு அன்னிக்குத்தான் வந்திருந்தா."

"குடலிறக்க ஆபரேஷன்னு சொன்னாங்க என்கிட்ட," என்றாள் மகள், தையலக்காவைப் பார்த்து. "நானும் நம்பிட்டு ரெண்டு ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பார்த்துட்டுப் போனேன். ரெண்டு ஆரஞ்சு! உங்களுக்குத் தெரியும், டேப்புக்குத் தெரியும், திருடனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

"மூணு நாளா இதையேதான் சொல்றா. வேற பேச்சு இல்லை," என்றார் மேடம். பிறகு தையலக்கா பக்கம் திரும்பினார். குரல் இறுகியது. "எதுக்கு எழுதினீங்க? எழுதலைன்னா மறந்துடுவீங்களா?"

தையலக்கா இந்தக் கேள்விக்குத்தான் ஐந்து நாளாகப் பயந்துகொண்டிருந்தாள்.

"மறக்க மாட்டேன் மேடம். எனக்கு உடம்புக்கு முடியலைன்னா நாத்தனார்தான் துணி வெட்டுவாங்க. தெரியாம உங்ககிட்டயே கேட்டுடுவாங்களோன்னு இருந்துச்சு. மறுபடியும் ஒருத்தர் உங்களைக் கேட்கக் கூடாதுன்னுதான் எழுதினேன். தப்புதான். வெளியில வராதுன்னு உங்ககிட்டச் சொல்லிட்டு எழுதினது தப்பு."

வெளியே மழை கொஞ்சம் வலுத்தது. கேட்டருகில் குடை நகராமல் நின்றது. மேடம் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தையலக்கா துணியைத் திருப்பிக் கேட்பார் என்று எதிர்பார்த்தாள். மேடம் தைக்கக் கொடுத்திருந்த புதுக் கோட்டுத் துணியை அதற்காகவே பையில் எடுத்து வந்திருந்தாள்.

"டேப் வெச்சிருக்கீங்களா?" என்றார் மேடம்.

"இருக்கு மேடம்."

"அப்ப எடுங்க. கோட்டு அடுத்த வாரம் வேணும்." எழுந்து நின்றார்.

தையலக்கா தட்டுத்தடுமாறி எழுந்தாள். கை பழக்கத்தில் மேஜையைத் தேடி, நோட்டு இல்லையென்று உணர்ந்து அப்படியே நின்றது.

"நான் எழுதுறேன்," என்றாள் மகள். எங்கிருந்தோ ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். "தாள் எங்க வீட்டுலதான் இருக்கும். தைக்கிறப்போ கொண்டு வந்து காட்டுறோம், திரும்ப எடுத்துட்டு வந்துடுவோம். சரியா?"

"சரிம்மா. இனிமே எல்லாருக்குமே அப்படித்தான்."

தோளைப் பிடித்தாள். "பதினாலரை." கையைப் பிடித்தாள். "இருபத்திரண்டு." மகள் எழுதிக்கொண்டே வந்தாள். டேப்பை முதுகு வழியாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்தாள் தையலக்கா. எண் கைக்கு வந்துவிட்டது, வாய்க்கு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டு நின்றாள். மகளும் பேனாவைத் தாளில் ஊன்றியபடி நிமிராமல் இருந்தாள்.

"இடது பக்கம் இல்லை," என்றார் மேடம் மகளிடம். "எழுதிக்கோ. பஞ்சு வேண்டாம்."

மகள் எழுதினாள். பஞ்சு இல்லாமல் தைப்பதென்றால் அந்தக் கோட்டின் அளவே வேறு. தையலக்கா டேப்பை உருவி எடுத்து, மறுபடியும் தோளிலிருந்து பிடிக்க ஆரம்பித்தாள்.